புதுப் பெயருக்கு ஒரு வாக்கு

எங்கள் மேட்டுநிலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆயு உலுன் அரசியலுக்கு வந்தது மேகத்தால் என்று. கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை, சுத்தமான மேகம்.

அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க வேண்டியவர் பள்ளித் தலைமையாசிரியர். ஊர் கூடித்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. வேட்புமனு கொடுக்கும் நாளில் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு வாங்க மிரி நகரத்துக்கு இறங்கிப் போனார். போனவர் போனவர்தான். மலையை மேகம் மூடிக்கொண்டது. சின்ன விமானம் இரண்டு முறை வந்து வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போன சத்தம் மட்டும் மேலே கேட்டது. கீழே அலுவலகத்தில் முன்மொழிகிறவர் தயார், வழிமொழிகிறவர் தயார், ஆள்தான் இல்லை. கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு பெரியவரைப் பார்க்க, மருத்துவமனை நர்ஸ் ஆயு உலுன் பையும் கையுமாக அங்கே வந்திருந்தாள்.

"சிஸ்டர், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்குப்பா?"

"சும்மா, ஒரு அஞ்சு வருஷத்துக்கு."

போட்டுவிட்டாள். அவள் கவனமெல்லாம் பெரியவரின் நாடியில் இருந்தது.

அவள் ஜெயித்ததைப் பத்திரிகைக்காரர்கள் அதிசயம் என்று எழுதினார்கள். எங்களுக்கு அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. வாக்களித்தவர்களில் பாதிப் பேரைப் பிறந்த நொடியில் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழவைத்தவள் அவள்தான். அந்த உரிமையில் அவள் எங்களை 'வாடா, போடி' என்பாள்; அதே உரிமையில் நாங்களும் இங்கே 'அவள்' என்றே எழுதுகிறோம். மேடையில் ஏற்றி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால், "எல்லாரும் மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவாள். தேர்தல் உரை முழுக்க அவ்வளவுதான்.

தலைநகர் கூச்சிங்கில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது அவளை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மூலையில் ஓர் இருக்கை, வாய் திறக்க இரண்டு நிமிடம். அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினாள். மேட்டுநிலத்துக்கு ஒரு டாக்டர் வேண்டும், ஒரு பிரசவ அறை வேண்டும். எங்கள் பெண்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்காகக் காத்திருக்கிறார்கள், விமானம் மேகம் விலகக் காத்திருக்கிறது, பிள்ளை மட்டும் எதற்கும் காத்திருப்பதில்லை என்றாள். ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே சொன்னாள். "சிஸ்டர் கிராமபோன் தட்டைப் போட்டாச்சு" என்று எதிரே சிரித்தார்கள்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? அடுத்த கூட்டத்துக்குக் கைப்பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு போனாள். சட்டமன்ற உறுப்பினர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு பார்வையில் கண்டுகொண்டிருந்தாள்: நடந்தால் மூச்சு வாங்குகிறவர்கள், தட்டில் பன்றிக்கொழுப்பைக் கண்டால் விடாதவர்கள். தேநீர் இடைவேளையில் முதலில் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டினார். பிறகு வரிசை நின்றது. அந்த வரிசையில் ஆளுங்கட்சியும் நின்றது, எதிர்க்கட்சியும் நின்றது.

"இவ்வளவு அழுத்தத்த வெச்சுக்கிட்டு நிதிநிலை அறிக்கை மேல பேசப் போறீங்களா? பேசாம உக்காருங்க."

"ஏன் சிஸ்டர், பயமா இருக்கா?"

"உங்களுக்கு எதாச்சும் ஆனா அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி. எங்க ஊர்ல ஆனா அஞ்சு நாள்ல வானம் தெளியும். அத நினைச்சுக்கிட்டே மூச்ச இழுத்து விடுங்க."

இப்படி ஒவ்வொரு கையாகக் கட்டிக் கட்டிச் சத்தமில்லாமல் ஆள் சேர்த்தாள். ஐந்தாம் வருடம், அவள் பதவி முடியப் போகிற சமயத்தில், டாக்டருக்கும் பிரசவ அறைக்குமான அவளுடைய பிரேரணைக்கு வாக்கெடுப்பு நாள் குறித்தார்கள். அவளுடைய கணக்கில் இன்னும் ஒரு கை குறைந்தது. அந்த ஒரு கை யாருடையது என்பதுதான் கொடுமை. அவளுடைய சம்பந்தி, அகான் தாதுனுடையது.

அகான் தாதுன் எங்கள் ஜனம்தான். ஆற்றின் கீழ்ப்பகுதித் தொகுதியிலிருந்து ஆளுங்கட்சி உறுப்பினராக வந்தவர். அவருடைய மகள் ருயாவைத்தான் ஆயு உலுன் தன் மகனுக்குக் கட்டியிருந்தாள். நல்ல மனிதர், கூடவே நல்ல மதில்மேல் பூனை. கட்சிக் கொறடா பிரேரணையை எதிர்க்க வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். மீறினால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது.

"சம்பந்தியம்மா, எனக்கு உங்க மேல மரியாதை இருக்கு."

"மரியாதைய வெச்சு பிரசவம் பாக்க முடியாது சம்பந்தி. கையத் தூக்குங்க."

"தூக்கினா கட்சி என்னைத் தூக்கிரும்."

பேச்சு அந்த இடத்திலேயே நின்றிருந்தது. அப்போதுதான் ருயாவின் வயிறு குறுக்கே வந்தது.

முதல் பிள்ளை. மாமியார் வீட்டில் இருந்தாள். நாள் நெருங்குவதற்கு முன்பே மகளை மிரிக்கு அழைத்துப் போக அகான் தாதுனே தனி விமானம் பிடித்து வந்தார். அவரை இறக்கிவிட்டு, எண்ணெய் நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று போன விமானம் திரும்பவில்லை. மேகம் இறங்கிவிட்டது. காலையில் ருயாவுக்கு வலி கண்டது.

அகான் தாதுன் ஓடுபாதையில் நின்றுகொண்டு எல்லோருக்கும் போன் போட்டார். விமானக் கம்பெனி மேலாளர், சுகாதாரத் துறைச் செயலர், அமைச்சர் என்று ஒருவரையும் விடவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாலம் நகரும், சாலை வளையும் என்பார்கள். அன்றைக்கு மேகம் ஒரு முழம் நகரவில்லை. கடைசியில் நனைந்த சட்டையோடு வானத்தைப் பார்த்து, "ஏய், நான் அகான் தாதுன் பேசறேன்!" என்று கத்தினாராம். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த எருமை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

உள்ளே பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை. அதன் பிறகுதான் வினை. ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டும் நிற்கவில்லை. ஆயு உலுன் மருமகளின் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள், விடவில்லை. வலது மணிக்கட்டு மரத்தது, பிறகு வலித்தது, பிறகு அவள் கை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சாயங்காலம் ரத்தம் நின்று, ருயா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் ஆயு உலுன் கையை எடுத்தாள். அவளுக்கு அன்றைக்குப் பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. அத்தனை வருட வேலையில் அப்படிப் பயந்ததில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

பயம் தெளிந்ததும் வந்தது பாருங்கள், சந்தோஷம்! அதற்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு பெயர் போதாது. பிறந்தபோது ஒன்று; முதல் பிள்ளை பிறந்ததும் அப்பனுக்கும் அம்மாவுக்கும் புதிதாக ஒன்று; முதல் பேரப்பிள்ளை வந்தால் தாத்தா பாட்டிகளுக்கு மறுபடியும் புதிது. ஊரைக் கூட்டி விருந்து வைத்து அறிவித்துவிட்டால் பழைய பெயர் போனது போனதுதான். சாதாரணமாகப் பன்றி, எருமை, அரிசியெல்லாம் சேர்த்து விருந்து வைக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் ஊர் பொறுக்கவில்லை. "ரெண்டு உறுப்பினரும் ஒரே இடத்துல அகப்பட்டிருக்காங்க. மேகம் போனா இவங்களும் போயிருவாங்க. இப்பவே வைங்க!"

வைத்தார்கள். ஊரே சேர்ந்து வாழும் நீண்ட வீட்டின் கூடம் முழுக்க இலையில் பொதிந்த குழைசோறு, புகையில் வாட்டிய காட்டுப்பன்றி, வாய் கூசும் அளவுக்கு அன்னாசி. எங்கள் ஊரில் கள் கிடையாது, தேவாலயத்துக்காரர்கள். தேநீரிலேயே எங்களுக்குப் போதை ஏறிவிடும். ஆயு உலுனுக்கு 'தோ பாலா' என்று பெயர் அறிவித்தார்கள். நல்ல சேதி என்று அர்த்தம். கூட்டம் ஆரவாரம் செய்தது. அகான் தாதுன் தனக்கு ஒரு பெரிய பெயராகப் பார்த்து வைத்திருந்தார். 'பாலாங் லெமுலுன்', மக்களின் புலி.

"புலியாம்ல! ஓடுபாதையில எருமைய மெரட்டின புலி!" என்று பின்வரிசைக் கிழவிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புலியும் சிரித்தது.

பழைய பெயர் போய்விட்டதால் நாமும் இனி அதை எழுதுவதற்கில்லை. தோ பாலா என்றால் நம் சிஸ்டர், பாலாங் என்றால் அவளுடைய சம்பந்தி. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறந்தால் ஆபத்து. என்ன ஆபத்து என்றால், ஊர் இளவட்டங்கள் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்கள். தாத்தா பாட்டியைப் பழைய பெயரால் கூப்பிடலாம். கூப்பிட்டதற்கு அவர்கள் திரும்பிப் பார்த்தாலோ, எழுந்தாலோ, 'என்ன' என்று கேட்டாலோ, அந்த இடத்திலேயே இருவாச்சிப் பறவை ஆட்டம் ஆட வேண்டும். கைகளை இறக்கைபோல விரித்து, முழங்காலை மடக்கி, மெதுவாக, முழுதாக.

தோ பாலா அந்த வாரம் முழுக்க ஆடினாள். நோயாளிகள் கூப்பிட்டாலே ஓடிப் பழகிய காது அது. பழைய பெயர் கேட்டதும் கால் தானாக எழுந்துவிடும். சமையலறையில் ஆடினாள், கிணற்றடியில் ஆடினாள், வாயில் பல்துலக்கியோடு ஆடினாள். பாலாங் மட்டும் ஒரு தடவைகூட மாட்டவில்லை. இருபது வருடம் கூட்டங்களில் கல்லாக உட்கார்ந்து பழகியவர் அல்லவா. யார் எந்தப் பக்கமிருந்து கத்தினாலும் முகத்தில் ஒரு ரோமம் அசையாது.

"சம்பந்தியம்மா, உங்களுக்குப் பேரே மாறல. கால்தான் வலிக்குது."

"பொறுங்க சம்பந்தி. நான் ஒருநாள் ஜெயிச்சுக் காட்டறேன்."

வீம்பு ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். கூச்சிங் திரும்ப வேண்டிய நாள் வந்தபோது, காதருகே வந்து கத்தினாலும் அவள் கண்கூட இமைக்கவில்லை. மேகம் விலகியது. விமானத்தில் ஏறும் முன் ஆளையும் மூட்டையையும் எடை போடுவார்கள். தோ பாலாவின் மூட்டையில் சபாநாயகருக்கும் மற்றவர்களுக்குமாக இருந்த அன்னாசிகளைப் பார்த்து விமானி தலையில் கை வைத்தார். பாலாங் தன் பெட்டியை இறக்கி வைத்து அன்னாசிக்கு இடம் கொடுத்தார். ஆனால் வாக்கெடுப்பைப் பற்றி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

மறுநாள் மன்றம் நிரம்பியிருந்தது. பிரேரணையின்மேல் பேச்சு முடிந்ததும், மன்றச் செயலர் பெயர் வரிசைப்படி ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். ஆதரவு என்றால் எழுந்து 'ஆம்', எதிர்ப்பு என்றால் 'இல்லை'. நம் தோ பாலா கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருடமும் இந்த ஒரு காலை நேரத்தில் வந்து நின்றிருந்தது.

"அகான் தாதுன்."

எதிர்வரிசையில் சம்பந்தி அசையவில்லை. கல். செயலர் மறுபடி அழைத்தார். கல்தான். செயலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். அப்போது பாலாங் நிமிர்ந்து நேராகத் தோ பாலாவைப் பார்த்தார். அவள் கண்ணுக்கு அந்தப் பார்வை ஊரில் கிணற்றடியில் அவள் ஆடியபோது கேலியாகப் பார்த்த அதே பார்வையாகத் தெரிந்தது.

"ஆயு உலுன்."

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பழக்கிய உடம்பு அது. ஒரு ரோமம் அசையவில்லை. 'பார்த்தீங்களா சம்பந்தி, ஜெயிச்சுட்டேன்!' என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட எழுந்தது. செயலர் மறுபடி கூப்பிட்டார். அவள் மேலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செயலர் அடுத்த பெயருக்குப் போய், அதற்கடுத்த பெயருக்கும் போன பிறகுதான் அவள் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

ஐயையோ. நான் எங்கே இருக்கிறேன்?

ஐந்து வருடம் கை கையாகச் சேர்த்ததை ஓர் ஆட்டத்தில் ஜெயிப்பதற்காகத் தோற்றுவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இப்போது எழுந்து கத்தலாமா? கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்களா? பெயர்கள் ஓடி முடிந்தன. செயலர் எண்ணினார். சபாநாயகர் வாங்கிப் படித்தார். இரண்டு பக்கமும் சமம். சமம் என்றால் பிரேரணை விழுந்தது என்று அர்த்தம். அதுதான் அந்த மன்றத்தின் வழக்கம்.

"தலைவரே!"

எழுந்துவிட்டாள். சபாநாயகர் ஈபான் இனத்துப் பெரியவர். அவள் கட்டிய கைகளில் அவருடைய கையும் ஒன்று.

"உக்காருங்க உறுப்பினரே. உங்களக் கூப்பிட்டாச்சு. நீங்க பதில் சொல்லல."

"கூப்பிடலைங்க தலைவரே. கூப்பிட்டது என் பேரே இல்ல. எனக்குப் பேரன் பொறந்திருக்கான். போன வாரம் விருந்து வெச்சுப் பேரு மாத்தியாச்சு. இப்ப நான் தோ பாலா. பழைய பேருக்கு நான் எழுந்தேன்னு ஊருக்குத் தெரிஞ்சா இந்த இடத்துலயே ஆடச் சொல்லுவாங்க."

மன்றம் குலுங்கியது. கொறடா துள்ளி எழுந்தார். "தலைவரே, அடையாள அட்டையில பழைய பேருதான் இருக்கு!"

"அட்டையா வோட்டுப் போடுது?" என்றார் சபாநாயகர். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. செயலரைப் பார்த்தார். செயலர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாட்டியானவர்களைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். "சரி. இன்னொருத்தரும் பதில் சொல்லல. அவருக்கு என்ன?"

எல்லோரும் பாலாங்கைப் பார்த்தார்கள். பூனைக்கு இப்போது மதில் இல்லை. அவர் விளையாட்டுக்காகச் சும்மா இருந்தவர் அல்ல என்பது தோ பாலாவுக்கு அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆளே வரவில்லை என்று பதிவாகிவிட்டால் கட்சிக்கும் பொல்லாப்பு இல்லை, சம்பந்திக்கும் பொல்லாப்பு இல்லை என்று பழைய பெயருக்குள் பதுங்கிக்கொண்டிருந்தார் மனிதர். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக, 'இல்லை என்று சொல்லிவிடுவாரோ' என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அவள் ஒன்றைப் போட, அவர் ஒன்றை எடுத்தால் மறுபடி சமம்.

"அதே பேரனுக்கு நான் தாத்தாங்க தலைவரே," என்றார் மெதுவாக.

செயலர் முதலில் அவளை அழைத்தார். "தோ பாலா."

"ஆம்!" என்று வலது கையை உயரத் தூக்கினாள். மணிக்கட்டிலிருந்து துணி அவிழ்ந்து தொங்கியது. கை நடுங்கியது.

"பாலாங் லெமுலுன்."

அவர் எழுந்தார். கொறடா பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்: "கட்சிக் கட்டளை உங்க கையில இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோங்க."

பாலாங் அவர் பக்கம் திரும்பினார். "கட்டளை அகான் தாதுனுக்குல்ல குடுத்தீங்க? அந்த ஆளு போன வாரமே போயிட்டாரு. நான் பொறந்து ஒரு வாரம்தான் ஆகுது. என்கிட்ட யாரும் இன்னும் ஒண்ணும் சொல்லல." பிறகு சபாநாயகரைப் பார்த்து, மன்றமே கேட்கும்படி, "ஆம்," என்றார்.

அதன் பிறகு மன்றத்தில் என்ன நடந்தது என்று யாராலும் கோவையாகச் சொல்ல முடியவில்லை. யாரோ மேசையைத் தட்டினார், யாரோ அழுத்தம் ஏறி உட்கார்ந்தார், சபாநாயகர் சிரிப்பை அடக்க முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிரேரணை ஜெயித்தது. தோ பாலா எழுந்து எதிர்வரிசைக்கு ஓடிப்போய்க் கொறடாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். அவர் எதிரி என்பதே அந்த நேரத்தில் அவள் நினைவில் இல்லை.

வெளியே படிக்கட்டில் பாலாங் தனியாக உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் போன் ஓயாமல் அடித்தது. அவர் எடுக்கவில்லை. தோ பாலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சீட்டு போச்சுல்ல, சம்பந்தி?"

"போச்சு."

"இருபது வருஷம்."

"ஆமா."

"கடைசி நேரத்துல என்ன வந்துச்சு உங்களுக்கு? உள்ள ஒளிஞ்சுதான இருந்தீங்க? எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

அவர் மறுக்கவில்லை. அவளுடைய வலது கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்து, அவிழ்ந்த துணியைச் சுற்றத் தொடங்கினார். அவருக்குச் சுற்றத் தெரியவில்லை, கோணல்மாணலாகச் சுற்றினார்.

"நீங்க கையத் தூக்கினீங்க. அது நடுங்கிச்சு," என்றார். "என் பொண்ணு உசுரு இந்தக் கையிலதான் நின்னுச்சு. உங்களுக்கும் வயசாகுது. அவளுக்கு இன்னொண்ணு பொறக்கும். அன்னிக்கும் மேகம் வரும். இந்தக் கை இருக்குமா?"

முடிச்சுப் போட முடியாமல் அவர் விரல்கள் தடுமாறின. அவள் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சம்பந்தி இது? மக்களோட புலி நடுப்படிக்கட்டுல உக்காந்து அழலாமா? பத்திரிகைக்காரன் நிக்கிறான் பாருங்க."

"புலி எங்க அழுதுச்சு?" என்றார் அவர், மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு. "அழறது தாத்தா."